அண்ணன் நம்பர் ஒட்டிய புட்டி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு சம்பளப் புத்தகத்தில் கையெழுத்துப் போடவும், சீட்டுகளில் நம்பர் எழுதவும்தான் பேனாவைத் தொட்டிருக்கிறேன். மறதியும் வந்துவிட்டது. அடுப்படிக்கு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்கிறேன். முன்னது பின்னது மாறி வந்தால் படிக்கிறவர்கள் மன்னிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். வாயால் சொல்ல முடியாமல் போனதால்தான் இந்த வயதில் எழுதிப் பார்க்கிறேன்.

வெள்ளைக்காரன் போய் எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். எனக்குப் பத்தொன்பது வயது. ராயபுரத்தில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் தெரு. அப்பா ஹார்பரில் மூட்டை சரிந்து செத்த பிறகு அண்ணன்தான் குடும்பத்தைப் பார்த்தான். கப்பலிலிருந்து கரி இறக்குகிற வேலை. வீட்டில் அம்மா, அண்ணன், நான், மூன்றே பேர்.

எங்கள் பக்கத்தில் காசநோய் ஆராய்ச்சி என்று ஒரு ஆபீஸ் திறந்தார்கள். எனக்கு அதில் ஆயா வேலை கிடைத்தது. நோயாளிகள் சளி துப்பிய டப்பாக்களைக் கொதிக்க வைத்துக் கழுவ வேண்டும். மூத்திரப் புட்டிகளைக் கழுவிக் காயவைத்து நம்பர் சீட்டு ஒட்ட வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பார்த்துவர ஒரு அம்மா இருந்தார்கள், எல்லோரும் அவரை விசிட்டரம்மா என்போம். அவர் போகும்போது புட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடக்க வேண்டும். கூச்சப்படுகிறவளுக்கு நல்ல வேலை. யாரும் என்னிடம் பேச மாட்டார்கள், நானும் பேச வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் காசம் வந்தவர்களை ஊருக்கு வெளியே இருக்கிற ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் மாசக்கணக்கில் படுக்க வைப்பார்கள். கட்டில் காலியாவதற்குள் பல பேர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். அப்போது புதிதாக மாத்திரை வந்திருந்தது. அந்த மாத்திரையை ஒருத்தன் தன் வீட்டிலேயே இருந்து, வீட்டுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு சாப்பிட்டால், ஆஸ்பத்திரியில் படுத்தவன் மாதிரியே குணமாவானா என்று பார்ப்பதற்குத்தான் அந்த ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரி, பாதிப் பேருக்கு வீடு. யாருக்கு எது என்பதை டாக்டர் தன் இஷ்டத்துக்குச் சொல்லக் கூடாதாம். ஒட்டிய உறைக்குள் முன்னமே சீட்டு எழுதி வைத்திருக்கும். ஒருத்தன் முறை வரும்போது உறையைக் கிழிப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான். இதை விசிட்டரம்மா எனக்கு மூன்று தடவை பொறுமையாகச் சொன்னார்கள். எனக்குப் புரிந்தது. அதை எங்கள் வீட்டில் எடுத்துச் சொல்லத்தான் எனக்கு வரவில்லை.

அண்ணன் இருமியதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரி இறக்குகிறவர்கள் எல்லோரும் இருமுவார்கள், எல்லோரும் கறுப்பாகத்தான் துப்புவார்கள். அந்தக் கறுப்புக்குள் சிவப்பு இருந்தது யார் கண்ணுக்கும் படவில்லை. ஒரு நாள் அவன் துண்டைத் துவைக்கும்போது முதல் தண்ணீர் கறுப்பாகப் போனது. இரண்டாவது தண்ணீர் சிவப்பாகப் போனது.

“ஆபீசுக்கு வாண்ணா. ஒரு தபா துப்பிட்டு வந்துடலாம்” என்றேன்.

“நீ களுவுற டப்பாவுல நான் துப்பணுமா? அப்பால நீயே அத்தக் களுவணுமா? நல்லா கீதும்மே உன் உத்தியோகம்.”

“ஊராருத எல்லாம் களுவுறேன். உன்னுது மட்டும் இன்னா ஒசத்தியா?”

“என்னுது கரி. டப்பா சென்மத்துக்கும் வெள்ளையாவாது, பாத்துக்கோ.”

சிரித்துக்கொண்டேதான் வந்தான். மார்பைப் படம் பிடித்தார்கள். மூன்று நாள் சளி எடுத்தார்கள். அந்த மூன்று டப்பாவையும் நான்தான் கழுவினேன்.

உறை கிழிக்கிற நாளில் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, கையில் ஜெபமாலையோடு வந்தாள். எங்களுக்கு முன்னால் ஒரு அம்மாவும் மகனும் உள்ளே போனார்கள். அவர்களுக்கு ஆஸ்பத்திரி என்று வந்தது. அந்த அம்மா வெளியே வந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். அடுத்து நாங்கள். டாக்டர் உறையைக் கிழித்தார், படித்தார், அண்ணனைப் பார்த்துச் சொன்னார். “உங்களுக்கு வீடு. வீட்டிலேயே இருங்க. வாரா வாரம் வந்து மாத்திரை வாங்கிக்குங்க. ஒரு வாரம்கூட விட்டுட்டு வந்து நிக்கக் கூடாது, சரியா?”

அம்மா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். ரயில் கேட் வரைக்கும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே நடந்தாள். கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அண்ணன் காதில் விழாதபடி என்னிடம் சொன்னாள்.

“வூட்டுக்குக் கூட்டிகினு போன்னுட்டாருடி.”

“அது அப்பிடி இல்லம்மா. சீட்டுல வந்திச்சி. ரெண்டு பேருக்கும் ஒரே மாத்திரதான்.”

“அந்தப் புள்ளய எடுத்துக்கினாங்க. எம் புள்ளயத் தள்ளிட்டாங்க. நான் பாத்துகினுதானே இருந்தேன்?”

“சீட்டும்மா. டாக்டருக்கே தெரியாது.”

“டாக்டருக்குத் தெரியாம வர்ற சீட்ட யாரு போடறா? ஆண்டவருதான் போடறாரு. நீ டப்பா களுவுறவ, உனுக்கு இன்னா தெரியும்?”

இதைப் படிக்கிறவர்களுக்கு அம்மா மேல் கோபம் வரலாம். எங்கள் தெருவில் ஆஸ்பத்திரிக்காரர்கள் ‘வீட்டுக்கு அழைத்துப் போங்கள்’ என்று சொல்வது ஒரே ஒரு சமயத்தில்தான். அப்பா மேல் மூட்டை சரிந்து மூன்றாவது நாள் ஒரு டாக்டர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு அதைத்தான் சொன்னார். ரிக்ஷாவில் அப்பாவைக் கொண்டுவந்தோம். சாயந்திரம் விளக்கு ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த வார்த்தையை அம்மா இரண்டாவது தடவையாகக் கேட்கிறாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை வாசலில் நின்றே கேட்டாள். “இன்னாக்கா, புள்ளைக்கு ஒண்ணும் சேயறதுக்கில்லன்னுட்டாங்களாமே?”

“உனுக்கு யாரு சொன்னா?” என்றான் அண்ணன் உள்ளேயிருந்து. “வந்து பாரு. நான் நாஸ்டா துன்னுகினு கீறேன்.”

“துன்னு ராசா, துன்னு” என்று அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அண்ணனுக்குச் சிரிப்பு வந்து இருமல் வந்தது.

அந்த வாரமே அம்மா மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரைக் கூப்பிட்டாள். சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிறதை எங்களில் அவஸ்தை பூசுதல் என்பார்கள். சாமியார் நற்கருணை அப்பத்தோடு வருவார், முன்னால் ஒருத்தர் மணி அடித்துக்கொண்டு வருவார். மணிச் சத்தம் கேட்டால் தெருவில் இருக்கிறவர்கள் இருந்த இடத்தில் முழந்தாளிடுவார்கள். குழாயடியில் குடத்தைப் போட்டுவிட்டு முழந்தாளிடுவார்கள். அந்த மணி யார் வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில் ஒரு ஆள் குறையப் போகிறான் என்று அர்த்தம். அன்றைக்கு எங்கள் வாசலில் நின்றது.

“படு நைனா, சாமி வர்றாரு” என்றாள் அம்மா.

“எனக்கு இன்னாத்துக்கும்மா? நான் கஞ்சி குடிச்சிகினு கீறேன்.”

“குடிச்சிட்டுப் படு.”

அவன் கஞ்சியைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பாயில் படுத்தான். சாமியார் உள்ளே வந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, அம்மாவைக் கேட்டார். “டாக்டர் கைவிட்டுட்டாரா?”

“வூட்டுக்கு அனுப்பிட்டாரு சாமி.”

சாமியார் என்னைப் பார்த்தார். நான் அந்த ஆபீசில் வேலை செய்கிறவள் என்று அவருக்குத் தெரியும். ‘இல்லை சாமி, மாத்திரை இருக்கிறது, பிழைப்பான்’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தை அறிக்கையிட்டதைத் தவிர வேறு பேசியது கிடையாது. குனிந்துகொண்டேன். அவர் அண்ணனுடைய கண், காது, மூக்கு, உதடு, கை, கால் எல்லாவற்றிலும் எண்ணெய் தொட்டு ஜெபித்தார்.

அதற்குப் பிறகுதான் அண்ணன் மாறினான். அதுவரைக்கும் தன்னை நோயாளி என்றே நினைக்காதவன், எண்ணெய் பட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். வேலைக்கூட்டாளிகள் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஒருத்தன் “போய் வா தோஸ்து” என்று அழுதுவிட்டே போனான்.

மாத்திரை என்னவோ வேலை செய்தது. பெரிய பெரிய வெள்ளை வில்லைகள், தண்ணீரில் நனைத்து விழுங்க வேண்டும். ஒரு வேளைக்குக் கை நிறைய வரும். முதல் மாசம் காலையிலும் சாயந்திரமும் நானே எடுத்துக் கொடுத்தேன். காய்ச்சல் நின்றது. எடை கூடியது. ஒரு நாள் தானாக எழுந்து கடற்கரை வரைக்கும் நடந்து போய், நங்கூரம் போட்டிருந்த கப்பல்களை எண்ணிவிட்டு வந்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா அழுதாள். “சாவுக்கு மின்னாடி இப்பிடித்தான் ஒரு தெளிவு வரும். உங்கப்பன் கடைசியா மோர் கேட்டான்” என்றாள்.

இரண்டாவது மாசம் வயிறு கெட்டது. விழுங்கினதும் வாந்தி, வயிற்றுப் போக்கு. ஆபீசில் சொன்னால் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடு, பழகிவிடும் என்றார்கள். மழைக்காலம் வந்தது, வேலை அதிகமானது, நான் விடிந்ததும் போய்விடுவேன். “மாத்திரைய நான் பாத்துக்கறேன், நீ போ” என்றாள் அம்மா. எனக்கு ஒரு பாரம் குறைந்தது போல் இருந்தது. கொடுத்துவிட்டேன்.

எத்தனை வாரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, அந்த வேளைக்கான வில்லைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக் கழனித்தண்ணீரில் போட்டுக் கையால் கரைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தண்ணீரில் வெள்ளை மாவாகக் கரைந்து காணாமல் போனது.

“இன்னாம்மா பண்றே?”

“கத்தாதே. அவன் தூங்கறான்.”

“அந்த மாத்திரதாம்மா அவன் உசுரு.”

“உசுரில்லடி, வாத. அவஸ்த பூசின ஒடம்பு. பாவம் எல்லாம் கழுவி சுத்தமா கீறான். நல்ல சாவு குடுங்கன்னு சூசையப்பருக்கு நவநாள் சொல்லிகினு கீறேன். நீ இத்தக் குடுத்துக் குடுத்து வாந்தி எடுக்க வெச்சி இழுத்துகினு கெடக்க வுட்றே. பெத்தவ எத்தினி நாளு பாப்பா?”

“விசிட்டரம்மா வந்து எண்ணிப் பாப்பாங்க.”

“எண்ணித்தான் கரைக்கறேன். எனுக்குக் கணக்குத் தெரியாதா?”

இயேசுநாதரை வளர்த்த சூசையப்பர் எங்களில் நல்ல மரணத்துக்குப் பாதுகாவல். அவர் இயேசுநாதர் மடியிலும் மாதா கையிலும் செத்தார் என்பார்கள். அப்படி ஒரு சாவை மகனுக்கு வாங்கித் தர அம்மா ஒன்பது ஒன்பது நாளாக நவநாள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். வெறுப்பு கொஞ்சமும் இல்லை. இதை நான் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவளிடம் வெறுப்பு இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

மறுநாளிலிருந்து நானே கொடுப்பதென்று முடிவு பண்ணினேன். அம்மாவை எதிர்க்கத் துணியாமல் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன், அதற்குள், இரண்டு நாளிலோ மூன்று நாளிலோ, விசிட்டரம்மா எங்கள் தெருப் பக்கம் வந்துவிட்டார்கள். சொல்லாமல் வருவதுதான் அவர்கள் வழக்கம், முதல் மாசத்திலும் அப்படி வந்து போனார்கள். மிச்சம் இருக்கிற மாத்திரையை எண்ணுவார்கள், அங்கேயே ஒரு புட்டியில் மூத்திரம் வாங்குவார்கள். ஆபீசில் அதில் ஒரு மருந்தைச் சொட்டினால், மாத்திரை சாப்பிட்டவனுடையது ஊதா கலந்த சிவப்பாக மாறும். சாப்பிடாதவனுடையது மாறாது.

முதலில் முனையில் இருந்த டீக்கடைக்காரர் வீட்டுக்குப் போனோம். அவருக்கும் உறையில் வீடு என்றுதான் வந்திருந்தது. மனிதர் கடிகாரம் மாதிரி. மாத்திரை சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வருகிறவர்களிடம் “நேரமாச்சி, சாப்டாச்சி” என்று சொல்லுவார். புட்டி நிறையக் கொடுத்தார். அடுத்தது எங்கள் வீடு. அம்மா மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். எண்ணினார்கள். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. “உன் அம்மாவைப் பாத்து மத்தவங்க கத்துக்கணும்” என்றார் விசிட்டரம்மா. அம்மா என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் புட்டியைக் கொடுத்தான். நான் நம்பர் சீட்டை ஒட்டிக் கூடையில் வைத்தேன்.

பிறகு மூன்றாவது வீட்டில் விசிட்டரம்மா உள்ளே உட்கார்ந்து ஒரு மருமகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே கூடையோடு நின்றேன். பக்கத்தில் சாக்கடை. அண்ணன் புட்டியை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தேன். டீக்கடைக்காரர் புட்டியிலிருந்து பாதியை அதில் ஊற்றினேன். மூடினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. எத்தனையோ ஆயிரம் புட்டி கழுவின கை.

ஏன் செய்தேன் என்று கேட்டால், அண்ணன் பெயரை அடித்துவிடுவார்கள், மாத்திரை நின்றுவிடும் என்று பயந்தேன். அம்மாவை நாலு பேர் முன்னால் திட்டுவார்கள் என்று பயந்தேன். என் வேலை போய்விடும் என்றும் பயந்தேன், அதையும் மறைக்கக் கூடாது. நாளையிலிருந்து நான் கொடுக்கப்போகிறேனே, இந்த ஒரு தடவைதானே என்று நினைத்தேன்.

ஆபீசில் சோதிக்கிறவர் இரண்டு புட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொட்டினார். இரண்டும் ஒரே மாதிரி சிவந்தன. “பாரு ஆயா, உன் அண்ணன் ரொம்ப ஒழுங்கு” என்று சொல்லி ரெஜிஸ்டரில் ஒரு குறி போட்டார்.

நான் கொடுத்துப் பார்த்தேன். வேலைக்குப் போவதற்கு முன்னால் எழுப்பிக் கொடுப்பேன். பத்து நாள் போல என் கையால் வாங்கிக்கொண்டான். வாந்தி எடுப்பான், அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். பதினோராவது நாளோ என்னவோ, என் கையை ஒதுக்கினான்.

“வோணாம் வுடு.”

“ஆபீசுல உன்ன மாதிரி ஆளுங்க எத்தினியோ பேரு எய்ந்து நடக்கறாங்கண்ணா. நான் பாக்கறேன்.”

“உன்னிய ஆபீசுல அப்பிடிச் சொல்லச் சொல்லிக்கீறாங்க.”

“யாரும் சொல்லல. மெய்யாலும்.”

“எனுக்கு எண்ணெ பூசியாச்சும்மே. தெருவே பாத்திச்சி. ஹார்பர்ல எம் பேர அடிச்சிட்டு வேற ஆள எடுத்துட்டாங்க. இனிமே நான் எய்ந்து போனா எந்த மூஞ்ச வெச்சிகினு போறது? பேசாம வுட்று.”

நான் பேசாமல்தான் விட்டேன். வில்லைகள் மறுபடியும் அம்மா கையால் எண்ணிக் கழனித்தண்ணீரில் கரைந்தன. அதற்குப் பிறகு விசிட்டரம்மா மூன்று தடவையோ நாலு தடவையோ வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் டீக்கடைக்காரர் புட்டியில் பாதி குறைந்தது. ரெஜிஸ்டரில் ஒவ்வொரு தடவையும் குறி விழுந்தது.

சளியில் கிருமி திரும்ப வந்தது. மார்புப் படத்தில் நுரையீரல் ஓட்டை பெரிதாகி இருந்தது. ஒரு பகல் நேரத்தில் டாக்டரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கால் சட்டையோடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அண்ணன் முதுகில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு காகிதத்தைப் பார்த்தபடி தனக்குத்தானே பேசுவது போலப் பேசினார்.

“மாத்திரை எண்ணிக்கை சரியா இருக்கு. டெஸ்ட் ஒவ்வொண்ணும் சரியா இருக்கு. ஒரு வேளைகூட விடலை. அப்புறம் ஏன் கேக்கலை?”

விசிட்டரம்மா, “நானும் அதைத்தான் யோசிக்கிறேன், சார்” என்றார்.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “நீதானே இவர் தங்கச்சி? நிஜமாவே ஒழுங்கா சாப்பிடறாரா? விட்டிருந்தா சொல்லும்மா. யாரும் திட்ட மாட்டாங்க. சாப்பிடலைன்னா அதுக்கு ஒரு வழி பண்ணலாம். சாப்பிட்டும் கேக்கலைன்னா வேற மாதிரி யோசிக்கணும்.”

இதற்கு மேல் நல்லபடியாக ஒருத்தர் கேட்க முடியாது. அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தால் அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் பொய்க்காரர்கள். நான் தலையை ஆட்டினேன். சாப்பிடுகிறான் என்று ஆட்டினேன்.

“அப்ப இந்த மருந்து இவருக்குக் கேக்கலை” என்று டாக்டர் காகிதத்தில் எழுதினார். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போட்டுப் பார்க்கலாம், கட்டிலுக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டில் கிடைத்ததாகத் தகவல் வந்த அன்று அண்ணனை அடக்கம் பண்ணி நாலு நாள் ஆகியிருந்தது.

காலை வேளையில்தான் போனான். கொட்டாங்கச்சி, தட்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நான் நீட்டினேன். ரத்தம் நிற்கவில்லை. அம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு “இயேசு மரி சூசை” என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். தெருவில் எல்லோரும் நல்ல சாவு என்றார்கள். அவஸ்தை பூசி, அம்மா மடியில், ஜெபத்தோடு. அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். அடக்கத்துக்கு வந்த விசிட்டரம்மா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. ஒரு வேளைகூடத் தவறாம குடுத்தீங்க. புட்டி டெஸ்ட் எல்லாம் சரியா வந்திருக்கு, எங்க புத்தகத்துலயே இருக்கு” என்றார்கள். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் புட்டியை மாற்றியது அதுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. அப்போது விளங்கியிருக்க வேண்டும்.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். அம்மாவும் நானும் பூசைக்குப் போய்விட்டு வந்தோம். முனையில் டீக்கடைக்காரர் ஒரு மூட்டைச் சர்க்கரையைத் தோளில் தூக்கிக் கடைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஆள் தடித்திருந்தார். “நேரமாச்சி, சாப்டாச்சி, இப்ப நின்னே போச்சி!” என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். சுகமாகிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டார்கள் என்பதை அப்படிச் சொன்னார்.

அம்மா நின்றுவிட்டாள்.

“இவன ஆஸ்பத்திரிலயா வெச்சிருந்தாங்க?”

“இல்லம்மா.”

“வூட்டுக்குத்தான் அனுப்பினாங்களா?”

“ஆமா.”

“நம்ம புள்ளைக்குக் குடுத்த அதே மாத்திரையா?”

“அதேதாம்மா.”

வீட்டுக்கு வந்து புடவையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்தாள். அரிசி களைந்தாள். கழனித்தண்ணீரை ஊற்றாமல் அதில் கையை விட்டபடியே வெகு நேரம் இருந்தாள். நான் போய்க் கையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தாள். நவநாள் சொல்லுவதை விட்டுவிட்டாள். தனக்கு அவஸ்தை பூச வேண்டாம் என்றாள். சாமியாரே வந்து கேட்டும் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் தெருவில் அப்படி ஒருத்தர் போனது கிடையாது. அதைப் பற்றி ஊர் பேசியதை எழுத வேண்டாம்.

நான் அந்த ஆபீசிலேயே வேலையில் இருந்தேன். கலியாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, புட்டி கழுவினேன். சொல்வதற்கு எத்தனையோ சந்தர்ப்பம் வந்தது. விசிட்டரம்மா ஓய்வு பெற்றுப் போகிற நாளில் மாலை போட வரிசையில் நின்றேன், இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று. என் முறை வந்தபோது மாலையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

ஆராய்ச்சி நல்லபடியாக முடிந்தது. வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று தெரிந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள், எங்களுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். ரெஜிஸ்டரைப் பூச்சி அரிக்காமல் தூசி தட்டி அடுக்குகிற வேலை ஒரு தடவை எனக்கு வந்தது. ஐந்தாவது வரைக்கும் படித்த படிப்பு அண்ணன் நம்பரைக் கண்டுபிடிக்கப் போதும். வரிசையாகக் குறிகள். ஒழுங்காகச் சாப்பிட்டார் என்று ஒவ்வொரு கட்டத்திலும் இருந்தது. கடைசியில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. ஒரு பியூனிடம் காட்டிக் கேட்டேன். “மருந்து சாப்பிட்டும் கேட்கவில்லை, இறந்தார்” என்று படித்துச் சொன்னான்.

இப்போது எங்கள் பக்கத்து ஆரோக்கிய நிலையத்தில் நோயாளிகளை எதிரில் நிறுத்தி, கண் முன்னால் விழுங்க வைக்கிறார்கள். விழுங்கினதும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். என் ரத்த அழுத்த மாத்திரைக்காகப் போய் உட்காரும்போது அதைப் பார்க்கிறேன். வாயைத் திறந்து காட்டச் சொன்னதற்கு ஒரு பையன் கோபித்துக்கொண்டான். எழுந்து போய் அவனிடம் ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

நான் எழுதினதில் தப்புகள் இருக்கும். மாத்திரை காலையும் சாயந்திரமுமா, மூன்று வேளையா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. சொட்டும் மருந்து என்ன நிறம், மாசம் எது, டாக்டர் வந்தது மழைக்கு முன்னாலா பின்னாலா, இதையெல்லாம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். ஆனால் ஒன்றை முக்கியமாகப் பாருங்கள். அந்தப் பழைய ரெஜிஸ்டர் எங்கேயாவது பத்திரமாக இருந்தால், ராயபுரத்துக் கரி இறக்குகிறவர், வயது இருபத்தாறு, வீட்டில் வைத்தியம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் இருக்கிற குறிகளை அடித்துவிடுங்கள். முதல் மாசத்துக் குறிகளை மட்டும் விட்டுவிடுங்கள், அவை நிஜம். அந்த மாசம் அவன் சாப்பிட்டான், அந்த மாசம் அவனுக்குக் கேட்டது.